சந்தனம் பூசிய சக்கரம்

எங்கள் முதலாளி கலியமூர்த்திக்கு மிஷின் பார்க்கத் தெரியாது. நம்பரைக் கூட்டினால் ஒன்பது வருகிறது என்று ஒரு டெம்போவை வாங்கினார். அது ஓடியதைவிட நாங்கள் தள்ளியதுதான் அதிகம். புதுச்சேரியில் மரம் வெட்டும் காண்ட்ராக்டர் என்று போர்டு வைத்திருப்பவரின் லட்சணம் இது. அப்பேர்ப்பட்டவர், வெட்டிய மரத்தின் அடிக்கட்டையை அரைத்தெடுக்கும் பழைய மிஷின் ஒன்றை வாங்கக் கிளம்பினார்.

எனக்கு அந்த மிஷின் வேண்டும். மரத்திலிருந்து விழுந்து வலது கால் உடைந்த பிறகு என்னால் ஏற முடியாது, கடப்பாரை போட்டு வேர் தோண்டவும் முடியாது. "மிஷின் வந்தா நீ ஓட்டு கோபி. இல்லன்னா வேற எடம் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டார். நொண்டிக்கு எந்த இடம் காத்துக்கொண்டிருக்கிறது?

விற்பவர் ரொபேர். பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குபவர்; எங்கள் ஊரில் சொல்தா என்போம். 2006இல் ஊர் திரும்பியபோது வீட்டுச் சாமானோடு கப்பலில் இதையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அவருடைய கோரிமேட்டு வீட்டு வாசலில் சிலுவை, உள்ளே மாதா படம். ஷெட்டில் நின்ற மிஷினுக்கோ சந்தனம், குங்குமம், பூமாலை, எலுமிச்சம்பழம்! முதலாளியைப் பற்றி நன்றாக விசாரித்து வைத்திருக்கிறார் மனிதர்.

முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு மிஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ரொபேர் கயிற்றை இழுத்தார். ஒரே இழுப்பில் இன்ஜின் பிடித்தது. பிடிக்காமல் என்ன செய்யும்? நாங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கியிருந்தார்.

அதை அணைத்ததும், கட்டையை அரைக்கும் முன்சக்கரத்தைப் பார்க்கக் குனிந்தேன். சக்கரம் முழுக்கச் சந்தனம். கல்யாண வீட்டில்கூட அவ்வளவு பூச மாட்டார்கள்.

"கொஞ்சம் தொடச்சிப் பாக்கறேன் மொதலாளி."

"வெள்ளிக்கெழமை அதுவுமா, பூசை போட்ட சந்தனத்தத் தொடைப்பியாடா? அறிவு இருக்கா?"

அறிவைப் பற்றிப் பேசுகிற ஆளைப் பாருங்கள்!

அவர் செருப்பை மாட்டத் திரும்பிய நேரத்தில் கட்டைவிரலால் சுரண்டினேன். சக்கரத்தின் நடுவிலிருந்து விளிம்பு வரை ஒரு விரிசல். அதன் மேல் வெல்டிங் வைத்து அரத்தால் ராவியிருந்தார்கள். வேரில் நாலு முறை மோதினால் இது பிய்த்துக்கொண்டு பறக்கும். அப்போது பக்கத்தில் நிற்கப்போகிறவன் நான்.

நிமிர்ந்தேன். ரொபேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடா, நீதான ஓட்டப்போற. வாங்கலாமா? வேணாம்னா சொல்லு, கடப்பாரையே போதும்னு விட்டுடறேன்" என்றார் முதலாளி.

ஏழு ஜென்மம் ஆனாலும் இந்த ஆள் இன்னொரு மிஷின் தேட மாட்டார். விரிசல் என்று வாயைத் திறந்தால் என் பிழைப்பும் போச்சு.

"நல்லா இருக்கு மொதலாளி. வாங்குங்க" என்றேன்.

முதலாளி பூரித்துப்போய், மிஷினை ஏற்ற வண்டியை உள்ளே விடச் சொல்ல வெளியே போனார். ரொபேர் என் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஓட்டும்போது சக்கரத்துக்கு நேரா மட்டும் நிக்காதப்பா."

அந்த அக்கறையைக் கேட்டதும் காறித் துப்பத் தோன்றியது. இந்த ஆள் முகத்திலா, வெளியே பல்லிளித்துக்கொண்டு நிற்கும் முட்டாள் முகத்திலா? ஆனால் விரிசலைப் பார்த்துவிட்டு நல்லா இருக்கு என்று சொன்னது நான்தானே? எச்சிலை விழுங்கிக்கொண்டேன்.