மூன்றாம் தளத்துக் குழி

ஆடி பிறந்ததும் விஜியை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அழைத்து வந்துவிட்டார்கள். கல்யாணமான பிறகு வருகிற முதல் ஆடி. புருஷன் பாண்டிச்செல்வம் ராஜபாளையத்தில், அவள் அம்மா வீட்டில். மற்றப் பெண்களாக இருந்தால் முகம் வாடியிருக்கும். விஜிக்கோ பஸ் ஊர் முகப்பிலுள்ள மடவார்வளாகத்தைத் தாண்டும்போதே உடம்பு லேசானது மாதிரி இருந்தது.

காரணம் புருஷன் இல்லை. நாத்தனார் பானுப்பிரியா.

பானு, விஜியைவிடச் சின்னவள். பேண்டேஜ் துணி தயாரிக்கிற ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரில் பில் போடுகிறாள். சாயங்காலம் வீடு வந்ததும் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். விஜி எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான் பதில். ஒரு நாள் புளிக்குழம்பு வைத்துப் பரிமாறிவிட்டு, "குழம்பு எப்படி இருக்கு பானு?" என்று விஜி ஆசையாகக் கேட்டாள். பானு அவள் முகத்தைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், அப்புறம் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டாள். "அவ அப்படித்தான், நீ சாப்பிடு தாயி" என்று மாமியார் பொன்மணி பேச்சை மாற்றினாள். அன்றைக்கு விஜி குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஊருக்கு வந்ததும் எல்லாவற்றையும் அம்மா பரிபூரணத்திடம் கொட்டினாள்.

"நான் அந்த வீட்டுல இருக்கதே அவளுக்குப் பிடிக்கலம்மா. தனியா வீடு பாக்கச் சொல்லுங்க. இல்லைன்னா நான் திரும்பிப் போக மாட்டேன்."

பரிபூரணம் யோசித்துவிட்டு, "ஆடி கழியட்டும். உங்கப்பாவக் கூட்டிக்கிட்டு நேர்ல போயிப் பேசுதேன்" என்றாள்.

அப்படி இருக்கும்போதுதான் பானுவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. "மதினி, ஒரு கேம் இருக்கு. ரெண்டு பேராத்தான் ஆடணும். கூட ஆடுறவ வேலை மாறிப் போயிட்டா. நீங்க வாரீங்களா?"

விஜி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஒரே வீட்டில் இருந்தபோது வாய் திறக்காதவளுக்கு இப்போது என்ன வந்தது? புருஷன் சொல்லிக்கொடுத்து அனுப்பச் சொன்னானோ? வேண்டாம் என்று தட்டினாள், அழித்தாள். மத்தியானம் பூராவும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த அலுப்பில், கடைசியில் "சரி" என்று போட்டுவிட்டாள்.

அதுவரை போனில் மிட்டாய் அடுக்குகிற விளையாட்டைத் தவிர வேறெதையும் அவள் தொட்டதில்லை. இது வேறு ஜாதி. பாழடைந்த ஒரு கோட்டைக்கு அடியில் பாதாளம் தளம் தளமாக இறங்கிக்கொண்டே போனது. தீப்பந்த வெளிச்சத்தில் பூட்டிய அறைகள், புதையல் பெட்டிகள், பிசாசுகள். எல்லாவற்றையும் கடந்து போய் அடித்தளத்தில் இருக்கும் அரக்கனைக் கொல்ல வேண்டும். பானுவுக்குக் கவசமும் வாளும். விஜிக்குக் கிடைத்தது சூனியக்காரி வேஷம். கையில் ஒரு தடி, தடியை நீட்டினால் நெருப்பு.

முதல் நாள் அவள் உயிரோடு இருந்த நேரமே குறைவு. சுவரில் முட்டிக்கொண்டு நின்றாள். தரையில் முளைத்திருந்த காளானைத் தின்று செத்தாள். எலியை எரிக்கப் போய்ப் பானுவை எரித்தாள். ஒவ்வொரு தடவையும் திரையின் ஓரத்தில் பானு எழுதியது வரும். "பரவாயில்ல மதினி. இடது கட்டைவிரல் நடக்க, வலது அடிக்க." ஒரு வார்த்தைகூடக் கடிந்து வரவில்லை. விஜிக்கு அதுவே ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் எலிகள் எரிந்தன. பிறகு வௌவால்கள். ஒரு பெட்டியில் நல்ல மோதிரம் ஒன்று கிடைத்தபோது பானு அதை எடுத்துக்கொள்ளாமல் நகர்ந்து நின்றாள். "உங்களுக்குத்தான் இது உதவும்" என்று எழுத்து வந்தது.

விஜி கேமின் மைக்கில் பேசிக்கொண்டே ஆடினாள். பானு எழுத மட்டும் செய்தாள். "ஒன் மைக் ரிப்பேரா பானு?" என்று கேட்டதும் பானு அடுத்த அறைக் கதவை நோக்கி ஓடினாள். பழைய சந்தேகம் மறுபடி தலைதூக்கியது.

மூன்றாம் தளத்துக்கு இறங்கியபோது விஜிக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருந்தது. பானுவை விட்டு முன்னால் ஓடினாள். தூரத்தில் ஒரு பெட்டி பளபளத்தது. அதை நோக்கிப் போகையில் காலுக்கடியில் ஒரு கல் உள்வாங்கியது. தரை பிளந்து, விஜி குழிக்குள் விழுந்தாள். விழுந்த பிறகுதான் "நில்லுங்க" என்ற எழுத்து திரையில் வந்தது.

குழிக்குள் ஒரே இருட்டு. மூலையில் கிடந்த எலும்புகள் அசைந்து, ஒன்றோடு ஒன்று கூடி எழுந்து நின்றன. விஜியின் உயிரைக் காட்டும் சிவப்புக் கோடு பாதிக்கு மேல் கரைந்திருந்தது.

"பானு, இங்க எலும்புக்கூடா எந்திரிக்கு. நான் என்ன செய்ய?"

காதில் திடீரென்று ஒரு மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. பானுவின் மைக் திறந்திருந்தது. மூச்சை இழுக்கிற சத்தம். "ம... ம... ம..." என்று ஒரே எழுத்து முட்டி முட்டி நின்றது. பிறகு உடைத்துக்கொண்டு வந்தது.

"மதினி. சு... சுவரோட ஒட்டி நில்லுங்க. ந... நான் இறங்குதேன்."

விஜி சொன்னபடி சுவரோடு ஒட்டினாள்.

"நிக்கேன் பானு. நீ மெதுவாச் சொல்லு. நான் எங்கயும் போகல."

பானு கயிறு கட்டி இறங்கினாள். "இ... இடப்பக்கம் வர்றத எரிங்க. வலப்பக்கம் எனக்கு." கைகள் வேலையாக இருந்ததாலோ என்னவோ, சண்டை சூடுபிடிக்கப் பிடிக்க அவள் பேச்சு திக்கினாலும் நிற்கவில்லை. விஜி எரித்தாள், பானு வெட்டினாள். கடைசி எலும்புக்கூடு சரிந்தபோது இரண்டு பேருக்கும் நிஜமாகவே ஓடிவந்தவர்கள் மாதிரி மூச்சு வாங்கியது.

யாரும் மேலே ஏறவில்லை. குழிக்குள்ளேயே நின்றார்கள்.

"எனக்குச் சின்னதுலருந்தே தி... திக்கும் மதினி," என்றாள் பானு. "புது ஆளுகன்னா இன்னும் மோசம். அண்ணன்கிட்டயும் அம்மாகிட்டயும் நான்தான் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன். நீங்க சிரிச்சிருவீகளோன்னு."

"நான் எதுக்குட்டி சிரிக்கப் போறேன்."

"அன்னைக்குக் குழம்பு ந... ந... நல்லாருக்குன்னு சொல்ல வந்தேன். 'ந' வரவே இல்ல. அழுகை வந்துருச்சு. அதான் எந்திரிச்சுட்டேன்."

விஜிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மாதக்கணக்காக நெஞ்சில் கட்டியாக உட்கார்ந்திருந்த ஒன்று கரைந்து ஓடுவது தெரிந்தது.

"அம்புட்டுதானா? நான் என்னமெல்லாமோ நெனச்சுட்டேன் பானு. ஒனக்கு என்னயக் கண்டாலே ஆகலன்னு..."

"அய்யோ, அப்படியா நெனச்சீக." பானு குரலைத் தாழ்த்தினாள். "கூட ஆடுறவ எங்கயும் போகல மதினி. அவகிட்ட நான்தான் இப்ப வரலன்னு சொல்லிட்டேன். உங்ககூடப் பே... பேசிப் பழகணும்னுதான்."

"எங்கம்மாகிட்ட இதச் சொல்லட்டா?" என்று விஜி கேட்டாள். பானு யோசித்துவிட்டு, "சொல்லுங்க" என்றாள்.

அடுப்படியில் பரிபூரணம் சாயங்காலக் காப்பிக்குப் பால் வைத்திருந்தாள். விஜி எல்லாவற்றையும் சொல்லி முடித்து, "தனி வீட்டுப் பேச்ச எடுக்காதீங்கம்மா. நான்தான் தப்பா எடுத்துக்கிட்டேன்" என்றாள்.

பரிபூரணம் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"நீ வந்து சொன்ன நாள்லருந்து எனக்குச் சோறு எறங்கலட்டி. சம்பந்தி வீட்டுல போயி எப்படி வாயத் திறக்கன்னு. அவியளும் நல்ல மனுசங்க. பொண்ணக் குடுத்துட்டு இப்படிப் பேசணுமேன்னு ஒரே வேதனை." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அந்தப் பிள்ளையத் தேருக்கு வரச் சொல்லு. ரெண்டு நாள் நம்மகூட இருக்கட்டும்."

ஆடிப்பூரத் தேரன்று பானு தனியாகப் பஸ் ஏறி வந்தாள். பஸ் ஸ்டாண்டில் கூட்டம் நெரிந்தது. விஜியும் பரிபூரணமும் ஒதுங்கி நின்று அவளுக்குக் கை காட்டினார்கள். பானு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து பரிபூரணத்தின் முன்னால் நின்றாள்.

"அ... அ..."

விஜிக்கு அந்தச் சொல்லைத் தானே எடுத்துக் கொடுத்துவிட நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டாள். பரிபூரணமும் அவசரப்படவில்லை. பின்னால் வந்த ஆட்கள் இடித்துக்கொண்டு போனார்கள்.

"அத்தை, நல்லாருக்கீகளா?"

"நல்லாருக்கேன் தாயி. வெயில்ல வந்துருக்க, வா." அவள் பையைப் பரிபூரணம் வாங்கிக்கொண்டாள். "ஆமா, ரெண்டு பேரும் பாதாளம் பாதாளங்கீகளே, அதுல அப்படி என்னதான் இருக்கு?"

பானு சொல்ல ஆரம்பித்தாள். திக்கியும் திணறியும், கைகளை வீசிக் காட்டியும், நான்காம் தளத்து வாசலில் நிற்கிற இரண்டு தலை நாயைப் பற்றிச் சொன்னாள். பரிபூரணம் ம் கொட்டிக்கொண்டே நடந்தாள். விஜி, கூட்டத்தில் அவர்கள் பிரிந்துவிடாதபடி இருவர் கையையும் பிடித்துக்கொண்டு, தேர்வீதிப் பக்கமாகத் திரும்பினாள்.