புரளாத நிழல்

ஆஸ்திரேலியாவில் எங்கள் ஹோபர்ட் ஊரில் ஓர் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், கண்ணுகளா. அங்கே எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் காந்த மெஷின்கள் இரண்டு. புதியதற்குப் பழையதைப்போல இரண்டு மடங்கு பலம். அது வந்திறங்கியபோது ரிப்பன் வெட்டினார்கள், லேமிங்டன் கேக் தின்றார்கள். லோர்னாவிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. இருபது வருஷம் கர்ப்பிணிகளைப் படம் எடுத்தவளுக்கு என்ன தெரியும், பாவம்.

பழைய காந்தம் வெள்ளிக்கிழமை லாரி ஏறவேண்டியது. செவ்வாயன்று டீகன் வந்தாள். ஏழரை மாதக் கர்ப்பிணி, பனிக்குடத்தில் நீர் அளவுக்கு மீறி இருந்தது. குழந்தையின் மூளையில் இரு பாதிகளையும் சேர்க்கும் பாலம் இருக்கிறதா என்று பார்க்க அனுப்பியிருந்தார்கள்.

புதிய காந்தத்தின் படத்தில் தலை நடுவே கருப்புத் திட்டு. டாக்டர் ஹாமிஷ், "பாலத்தக் காணோம்" என்று தட்டச்சு செய்யவும் ஆரம்பித்துவிட்டார்.

"டாக்டர், அது மெஷின் போடுற நிழல். தண்ணி ஜாஸ்தியான வயித்துல பெரிய காந்தம் இப்படித்தான் இருட்டடிக்கும்."

"இவ்ளோ விலை குடுத்து நிழலயா வாங்குவாங்க, லோர்னா?"

"கேக் வெட்டுறதுக்கு முன்னாடி கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அடுத்த படத்தைத் திறந்தாள். "பாப்பா புரண்டதுல இது கலங்கிடுச்சு. ஆனா பாருங்க, தலை நகந்திருக்கு, கருப்பு அங்கயே நிக்குது. மூளையில குறைன்னா தலையோட போக வேணாமா?"

ஹாமிஷ் கண்ணாடியைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"பழசு இன்னும் ஓடுதா?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் உயிர் இருக்கு."

வெளியே டீகன் கழற்றிய காலுறைகளைக் கையில் பிடித்தபடி வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள். "என் பாப்பாவுக்கு என்ன?"

"தெரியல கண்ணு. அதான் இன்னொரு தடவ பாக்கப்போறோம்."

"தூக்கிப் போடப்போற அந்தப் பழசுலயா?"

"என்னையும்தான் தூக்கிப் போடப்போறாங்க. வா."

இந்த முறை குழந்தை தூங்கிவிட்டது. படம் கொஞ்சம் சொரசொரப்புதான். ஆனால் அந்தப் பாலம் நகக்கீறல்போல மெல்லிய வளைவாய், முனைக்கு முனை முழுசாக இருந்தது. ஹாமிஷ் எழுதியதை அழித்துவிட்டு, தானே வெளியே வந்து சொன்னார்.

டீகன் ஒரு காலுறையை மாட்டிக்கொண்டு, இன்னொன்றில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

"எங்கள் அதிநவீன வசதியால் ஐயம் தீர்ந்தது" என்று ஆஸ்பத்திரியிலிருந்து அறிக்கை போனது. எந்தக் காந்தம் என்று எழுத இடம் போதவில்லையாம். வெள்ளிக்கிழமை லாரி பழைய காந்தத்தை ஏற்றாமல் காலியாகத் திரும்பியது. அதற்கு மட்டும் யாரும் கேக் வெட்டவில்லை.