தண்டு மட்டும் தின்பவள்

இது அந்தப் பெண்யானை தின்ற தோட்டம் இல்லை. சொன்னால் நம்புவார்களா? தொண்ணூற்றேழிலிருந்து பதினெட்டு வருஷம் அவள் பின்னாலேயே நடந்தவள் பரிந்துதான் பேசுவாள் என்பார்கள். அப்படித்தானோ என்று வேல்விழிக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது.

சின்னமனூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ராக்கையாவின் வாழைகள் சாய்ந்து கிடந்தன. மழை கால்தடங்களைக் கரைத்திருந்தது. வந்தது காதறுந்த பெண்யானைதான் என்று அவர் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். யானைகளைக் கணக்கெடுக்கும் வேல்விழியும் அதில் கையெழுத்திட்டால் அந்த யானையைப் பிடித்து வளர்ப்பு யானை முகாமுக்கு அனுப்பிவிடலாம் என்றார் வனத்துறை ரேஞ்சர் இம்மானுவேல்.

வேல்விழி குத்துக்காலிட்டுப் பார்த்தாள். தார்கள் பாதி மென்று துப்பப்பட்டிருந்தன. உர மூட்டை கிழிந்திருந்தது. சொட்டுநீர்க் குழாயில்கூடப் பல் பதிந்திருந்தது. காதறுந்தவளும் எட்டு வயதில் இப்படித்தான். எஸ்டேட்டில் காயப்போட்ட சட்டையைக்கூட மென்றாள். வயது ஏற ஏற ஒவ்வொன்றாக விட்டாள். இப்போது வாழையில் அவளுக்கு வேண்டியது தண்டு மட்டும்.

இருவரையும் ஓடைக்கரைக்கு அழைத்துப்போனாள். அக்கரையில், கைவிடப்பட்ட தோப்பில் காதறுந்தவள் நின்றிருந்தாள். ஒரு வாழையைச் சாய்த்தாள். காலால் மிதித்து மட்டையைப் பிளந்தாள். வெள்ளைத் தண்டை உருவித் தின்றாள். பழுத்த தார் துதிக்கைக்கு அருகிலேயே கிடந்தது. அதைக் காலால் ஒதுக்கிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனாள். அங்கேயும் அப்படியே.



"பழத்த எத்தித் தள்றா பாருத்தா," என்றார் ராக்கையா. "எங்க வீட்டுக்காரிகூட இம்புட்டு நொட்டை சொல்ல மாட்டா."

அவரே புகார்க் காகிதத்தைக் கேட்டு வாங்கி நாலாகக் கிழித்தார். வேல்விழிக்குச் சந்தோஷத்தில் ஓடையில் இறங்கி ஓட வேண்டும் போலிருந்தது. ஒருத்தியை இத்தனை காலம் பார்த்தது வீண் இல்லை. அன்பு அவள் கண்ணை மறைக்கவில்லை; இன்னும் கூர்மையாக்கியிருந்தது.

இம்மானுவேல் சிரித்தார். பிறகு புதுக் காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார்.

"அப்ப குழாயக் கடிச்சது யாரு? ஒங்களுக்குத் தெரியும்மா. அத எழுதுங்க, அதப் பிடிப்போம்."

அவளுக்குத் தெரியும். காதறுந்தவளின் ஒன்பது வயது மகன். தாய்க்குப் பின்னால் புதரில் நின்று, ஏதோ முள்செடியை வாயில் வைப்பதும் துப்புவதுமாக இருந்தான்.

"அவனுக்கு எது பிடிக்கும்னு அவனுக்கே இன்னும் தெரியாது சார்," என்றாள். பேனாவை மூடி அவர் கையில் வைத்தாள். "நான் எழுதல."