எந்த விகாரி

மேசைக்கு வயது சொல்வது அரைமணி நேர வேலை. சொன்ன பிறகு இந்த வீட்டுக் கூடத்தில் நிற்பதுதான் வேலை.

செந்தாமரை அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பூதலூர் ஸ்டேஷனிலிருந்து வெயிலில் நடந்து வந்ததில் கால்கள் கனத்தன. உட்காரச் சொன்ன நாற்காலியில் பையை வைத்துவிட்டுத் தரையில் மண்டியிட்டாள். பழைய மரச்சாமான்களைப் பார்த்து, இன்னார் செய்தது, இந்தக் காலத்தது என்று இருபத்திரண்டு வருஷமாக எழுதிக் கொடுக்கிறாள். எல்லா வீட்டிலும் ஒரே ஆசைதான். சாமான் ரங்கூனிலிருந்து வந்திருக்க வேண்டும். நூறு வயதாவது ஆகியிருக்க வேண்டும்.

இங்கே அந்த ஆசைக்கு ஒரு காரணமும் இருந்தது. வீட்டுக்காரர் அமிர்தலிங்கமும் அவர் மனைவி பிரகதாம்பாளும் இறந்துபோன பிறகு பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொண்டார்கள். முன்னோர் காலத்துச் சாமான் வீட்டோடு மகன் ராம்கிக்கு; அம்மா சீராகக் கொண்டுவந்தது மகள் வானதிக்கு. முகம் பார்க்கும் இந்தக் கண்ணாடி மேசை யாருடையது என்பதில்தான் தகராறு. செந்தாமரை எழுதிக் கொடுப்பதை ஏற்றுக்கொள்வதாக இருவரும் சம்மதித்திருந்தார்கள்.

"அம்மா உக்காந்து தலை வாரின இடங்க அது. வேற எதுவும் நான் கேக்கல," என்று நேற்று போனில் சொன்னபோது வானதிக்குக் குரல் உடைந்துவிட்டது.

"ஏன் மேடம் தரையில? ஆள விட்டுத் தூக்கி வைக்கச் சொல்றேனே," என்றார் ராம்கி.

மேடம். இவருடைய அப்பா அவள் அம்மா அம்சத்தை 'ஏ புள்ள' என்றுதான் கூப்பிடுவார். இந்த வீட்டு வயலில் நாற்றுப் பறித்த அம்சம் கூடம் வரை வந்ததே இல்லை. மகள் வந்துவிட்டாள். வந்தால் பெருமையாக இருக்கும் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தாள். இப்போது முட்டிதான் வலித்தது.

இழுப்பறையை முழுதாக உருவிக் கவிழ்த்தாள். அடிப்பலகையில் மங்கலாகப் பென்சில் எழுத்து: 'விகாரி தை. நாகூர் அல்லா பிச்சை வேலை.'

ராம்கி குனிந்து படித்தார். போனைத் தட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ஆயிரத்துத் தொள்ளாயிரம், மேடம்! தாத்தாவோட அப்பா காலம். நான் சொல்லல?"

"விகாரி அறுபது வருஷத்துக்கு ஒருதரம் வரும்ங்க. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது தையும் விகாரிதான். அம்மாவுக்கு எப்பங்க கல்யாணம்?"

"அது... அறுபது மாசி." உடனே சிரித்தார். "அதுக்காக? எங்க பாட்டனாரும் தை மாசத்துல மூஞ்சி பாத்திருப்பாருல்ல?"

"இது பிளைவுட் பலகைங்க. சுத்தியும் பள்ளமா காடி வெட்டிச் செருகியிருக்கு. பெட்டியப் பிரிக்காம மாத்த முடியாது. பிரிச்ச தடமும் இல்ல. முதல் விகாரியில நாகூர்ல பிளைவுட் ஏது?"

ராம்கி உள்ளே பார்த்துக் காபிக்குச் சொன்னார். காபி வந்தது. அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, குரலைத் தணித்துக்கொண்டார்.

"ஒண்ணு செய்ங்க. பலகையில இருக்கிறத அப்படியே எழுதுங்க, விகாரி தைன்னு. எந்த விகாரின்னு எழுத வேண்டாம். பொய் இல்லையே? மிச்சத்த வானதிகிட்ட நான் பேசிக்கறேன்." பிறகு, "இந்த வீட்ட வெளியூர்க்காரங்க வந்து தங்குற மாதிரி மாத்தப்போறேன். உள்ள இருக்கிற அத்தன சாமானுக்கும் நீங்கதான் எழுதணும். ரெண்டு வருஷ வேலை. அம்சத்தோட பொண்ணுக்குச் செய்யாம நாங்க யாருக்குச் செய்யப்போறோம்?" என்றார்.

இரண்டு வருஷம். ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் ஓடாமல், ஒரே இடத்தில் வேலை. அவள் உடம்பு அவளைக் கேட்காமலே சரி என்று சொல்லப் பார்த்தது. பெரிய பொய் ஒன்றுமில்லை. ஒரு எண்ணை எழுதாமல் விடுவது, அவ்வளவுதான். இந்த வீட்டுக்காக எத்தனையோ பேர் எத்தனையோ விஷயங்களைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள், அம்சமே விட்டிருக்கிறாள்.

மறுபடி அந்த எழுத்தைப் பார்த்தாள். இதை எழுதியபோது அல்லா பிச்சைக்கு எந்த விகாரி என்ற சந்தேகமே வந்திருக்காது. அவர் இருந்த வருஷம். ஒரு கல்யாணத்துக்கு முந்தின மாசம்.

இழுப்பறையை நிமிர்த்தி உள்ளே தள்ளினாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள்.

"இல்லீங்க," என்றாள். "வருஷத்தோடதான் எழுதுவேன்."