ஓட்டினது தாரணி

மைசூர் குவெம்புநகரில் வேலாயுதம் நல்ல மனுஷன். மனைவி தாரணி கார் ஓட்டுவாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டு வருவார். கொள்ளேகால் பக்கத்துச் சொந்த ஊர் நெருங்கினால்தான் அவருக்குள் இன்னொரு ஆள் முழித்துக்கொள்வான். ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தச் சொல்லி, இடம் மாறி உட்கார்ந்து, கடைசிக் கொஞ்ச தூரத்தைத் தானே ஓட்டிப்போய் அண்ணன் வீட்டு வாசலில் நிறுத்துவார். அவருடைய லைசென்ஸ் காலாவதியாகி வருஷக்கணக்காகிவிட்டது. புதுப்பிக்க நேரமில்லையாம். பவுசு காட்ட மட்டும் நேரம் இருந்தது.

கார் அவர்களுடையதுகூட இல்லை. தாரணியோடு ஒரே ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் நிர்மலாவின் கார். ஊரில் நோம்பி, திருவிழா என்றால் கேட்காமலே சாவியை நீட்டுகிற சிநேகிதி. "என் இன்சூரன்ஸ் பாலிசி வண்டிக்குத்தான்டி, ஆளுக்கு இல்ல. லைசென்ஸ் இருக்கறவங்க யார்கிட்ட நான் குடுத்தாலும் செல்லும்" என்பாள்.

இந்த முறை ஊர் எல்லைவரை போகவே இல்லை. வழியில் நரசீபுரத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது வேலாயுதம் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஒரு போட்டோ எடுத்தார். 'ஊருக்கு ஓட்டிட்டு வர்றேன்' என்று எழுதிச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டார். அப்புறம் இறங்கித் தன் இடப்பக்க சீட்டுக்கே வந்து தூங்கிப்போனார். கொள்ளேகாலுக்கு முன்னால் ஒரு எருமை குறுக்கே வந்தது. பின்னால் ஒட்டிக்கொண்டே கரும்பு லாரி. பிரேக் போட்டால் லாரி ஏறிவிடும் என்று தாரணி இடப்பக்கம் ஒடித்தாள். கார் மண்மேட்டில் ஏறிப் புளியமரத்தில் போய் நின்றது. முன்பக்கம் நொறுங்கிப்போனாலும் பெல்ட் போட்டிருந்ததால் இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

ஓடிவந்த சொந்தங்களிடம் வேலாயுதம் கூசாமல் சொன்னார், தான்தான் ஓட்டியதாக. நாலு பேர் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று தாரணி வாயை மூடிக்கொண்டாள். அங்கேதான் தப்புப் பண்ணினாள்.

கிளைம் பாரத்தில் அவளும் நிர்மலாவும் உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தார்கள். ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய உமேஷ் ஊர்ப்பக்கம் போய் விசாரித்தபோது, வேலாயுதத்தின் அண்ணன் அய்யாசாமி அந்தப் போட்டோவைப் பெருமையாகக் காட்டிவிட்டார். 'என்ற தம்பி பஸ்ஸே ஓட்டுவானுங்க' என்று வேறு சேர்த்துச் சொல்லியிருந்தார்.

உமேஷ் கூப்பிட்டதால் எல்லாரும் கார் நின்ற மைசூர் ஹெப்பாள் கேரேஜில் கூடினார்கள். அய்யாசாமியும் பஸ் ஏறி வந்திருந்தார். உமேஷ் கன்னடம் கலந்து மரியாதையாகத்தான் பேசினான்.

"நோடி மேடம், பாருங்க, லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியிருந்தா கம்பெனி ஒண்ணும் தராது. பொய் சொன்னாலும் தராது. ஓட்டினது சார்தானே?"

தாரணி நிர்மலாவைப் பார்த்தாள். நொறுங்கிய பானட்டின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள் அவள். லோன்கூட முடியாத வண்டி. கிளைம் கிடைக்காமல் போனால் அத்தனை செலவும் அவள் தலையில்.

"நாந்தாங்க ஓட்டினேன்" என்றாள் தாரணி.

"அம்மிணி, நீ சும்மா இரு" என்றார் அய்யாசாமி. "பொம்பள ஓட்டி நம்மூட்டு ஆம்பள பக்கத்துல உக்காந்து வந்தான்னு நாளைக்கு ஊருல சிரிக்கோணுமா? டேய், நீ சொல்லுடா."

வேலாயுதம் தரையைப் பார்த்தார். அண்ணன் பேச்சைத் தட்டி அவருக்குப் பழக்கமே இல்லை.

தாரணிக்கு அப்போதுதான் கோபம் வந்தது. விபத்து நடந்ததிலிருந்து தினமும் ராத்திரி அந்த மனுஷனுக்குத் தைலம் தடவிவிட்டவள் அவள். எந்தத் தோளில் தடவினாள் என்பது அவளுக்குத் தெரியாதா?

"ஏனுங்க, சட்டையக் கழட்டுங்க."

"என்ன புள்ள இது, இத்தனை பேரு முன்னால..."

"கழட்டுங்கன்னா கழட்டுங்க!"

கேரேஜில் சுத்தியல் சத்தம் நின்றது. வேலாயுதம் அண்ணனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கடைசியில் நிர்மலாவைப் பார்த்தார். பிறகு பட்டன்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். இடது தோளிலிருந்து மார்புக்குக் குறுக்கே பட்டையாகக் கன்றிப்போன தடம், ஓரத்தில் மஞ்சள் பூத்திருந்தது.

தாரணி தன் புடவைத் தலைப்பைக் கொஞ்சம் ஒதுக்கி வலது தோளைக் காட்டினாள். அதே அகலத்தில் அதே நிறத்தில் அங்கேயும் ஒரு தடம்.

"நம்ம வண்டியில டிரைவர் வலப்பக்கம் உக்காருவாங்க. பெல்ட் வலது தோள் மேல வரும். இவருக்கு எந்தத் தோளுல இருக்குதுன்னு நீங்களே பாருங்க."

உமேஷ் பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு பரவியது. "ரோட்டுல பிரேக் போட்ட அடையாளமே இல்லாதது ஏன்னு யோசிச்சிட்டிருந்தேன்" என்றான்.

"போட்டிருந்தா பின்னால வந்த லாரி எங்க மேல ஏறியிருக்குமுங்க."

அப்போது வேலாயுதம் வாயைத் திறந்தார். யாரும் கேட்கவில்லை, தானாகவே, கேரேஜுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். "ஓட்டினது என்ற பொண்டாட்டிங்க. நான் தூங்கிட்டிருந்தேன். அந்தப் போட்டோ சும்மா பந்தாவுக்கு எடுத்ததுங்க. இவ இல்லீன்னா இன்னைக்கு நான் இல்லீங்க அண்ணா."

தாரணிக்குக் கண் நிறைந்துவிட்டது. நிர்மலா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். வலது தோளில் இடித்துத் தாரணி 'ஆ' என்று கத்தியதும் இரண்டு பேரும் சிரித்தார்கள். உமேஷ் எல்லாரிடமும் வாக்குமூலம் எழுதி வாங்கிக்கொண்டு, கிளைமுக்கு இனி தடையில்லை என்று சொல்லிக் கிளம்பினான். சொன்னபடியே பணம் வந்தும் சேர்ந்தது.

அய்யாசாமி மட்டும் அந்த நொறுங்கிய காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். லாரி, எருமை, மரம் என்று கையாலேயே காற்றில் வரைந்து பார்த்தார். நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

"அம்மிணி, என்ற மருமக கார் கத்துக்கறேன்னு ரொம்ப நாளாக் கேக்கறா. நாந்தான் வேண்டாமின்னுட்டிருந்தேன். நீ கத்துக்குடுப்பியா?"

"தாராளமா அனுப்புங்க மாமா" என்றாள் தாரணி. "உங்க தம்பியையும் கூட அனுப்புங்க. ரெண்டு பேருக்கும் சேத்தே எல்.எல்.ஆர். போட்டுரலாம்!"

சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டிருந்த வேலாயுதம் சரி என்று தலையாட்டினார். கல்யாணமாகி வந்ததிலிருந்து கணவனின் அண்ணன் முன்னால் தாரணி அவ்வளவு சத்தமாகப் பேசியது அன்றைக்குத்தான்.