பரிஸ் கடிதத்தில் பிள்ளையார் சுழி

"ஒரு கடிதம் உண்மையிலை எங்கையிருந்து வருகுதெண்டு எப்பிடிப் பிடிப்பீர்?" என்று சண்முகநாதன் என்னை ஒருநாள் கேட்டார்.

"அனுப்பினவரின்ரை பேரை நம்பக்கூடாது, அதை ஆரும் எழுதலாம். தபால் முத்திரையிலை ஊரையும் திகதியையும் பாக்கவேணும்."

"பெரிய சீஐடிதான் நீர்."

அது எண்பத்தைந்தில். எனக்குக் குருநகர் உபதபாற் கந்தோரில் வேலை. படகு எஞ்சின் திருத்தும் அவருக்கு வாரம் இரண்டு முறையாவது முத்திரை தேவைப்படும். யாருக்கு எழுதுகிறீர் என்று கேட்டால் காது சிவந்துவிடும். அவர் சைவம், நாங்கள் வேதக்காரர். பரிஸில் இருக்கும் கனிசியஸ் மாமா ஓம் என்றால்தான் எங்கள் வீட்டில் கலியாணப் பேச்சே எழும். அது அவருக்கும் தெரியும்.

அடுத்த ஆவணியில் ஒரு காலை, கடிதமொன்றை நீட்டினார்.

"உம்மடை மாமா போட்டிருக்கிறார். தபால்காரர் வழியிலை தந்தவர். அப்பாவிட்டைக் குடும்."

பரிஸ் முத்திரைதான். திகதி மட்டும் சித்திரை. தன் மருமகன் முத்திரை சேர்க்கிறான் என்று வைகாசியில் இவரே என்னிடம் வாங்கிப்போன உறை! சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே இருந்ததை விரித்தேன்.

"மாமா எப்ப சைவத்துக்கு மாறினவர்?"

"ஏன் யசிந்தா?"

"சிலுவை போடாமல் ஒரு வரியும் எழுதாத மனிசன். இதிலை பிள்ளையார் சுழியெல்லே கிடக்குது?"

எட்டிப் பார்த்தார். "ஐயோ, கை தன்பாட்டிலை போட்டிட்டுது!" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இன்னும் கேளும். 'சண்முகநாதன் நல்ல பெடியன், குடிக்கமாட்டான், பார்வைக்கும் பரவாயில்லை.' ஆர் சொன்னது பார்வைக்குப் பரவாயில்லையெண்டு?"

"மாமா..."

"மாமா உம்மைக் கண்டதேயில்லை."

அவர் தலை குனிந்தார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

"உதை அப்பா கண்டிருந்தால் பிறகு எங்கடை படலை உமக்குத் திறவாது. என்ரை கதையும் அதோடை முடிஞ்சிருக்கும்."

கடிதத்தை நாலாகக் கிழித்தேன்.

"மாமாவுக்கு நானே எழுதுறன். ஆனால் என்னத்தை எழுத? நீர் இன்னும் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லையே."

அவருக்குப் பின்னால் மரியநாயகி அன்ரி முத்திரைக்கு நின்றார். சண்முகநாதன் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"யசிந்தா," என்றார், கந்தோர் முழுக்கக் கேட்க, "என்னைக் கலியாணம் செய்வீரோ?"