சல்பர் வந்தால் சுவர்

பதினான்காவது நீளத்தின் முடிவில் அவள் நின்றுவிட்டாள்.

சுவரைத் தொட்டாள். நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். பந்தயத்தை முடித்துவிட்டவள் போல இடமும் வலமும் பார்த்தாள். பக்கத்துத் தடங்களில் ஒருத்தியும் வந்து சேரவில்லை. எல்லோரும் இன்னும் பின்னால்தான் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

பார்வையாளர் படியில் உட்கார்ந்திருந்த அம்மா துள்ளி எழுந்தாள். நானூறு மீட்டர் என்றால் இந்தக் குளத்தில் பதினாறு நீளம். இரண்டு பாக்கி.

"முடியலடி! இன்னும் ரெண்டு இருக்கு! போ, போ!"

நீச்சல் சொல்லித்தரும் விசில் மாஸ்டர் குளத்தின் விளிம்பில் மண்டியிட்டு இரண்டு விரல்களை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினார். புரிந்து, கண்ணாடியை இறக்கி, அவள் சுவரை உதைத்துக் கிளம்புவதற்குள் நீலத் தொப்பி ஒன்றும் மஞ்சள் தொப்பி ஒன்றும் திரும்பிப் போய்விட்டன. விரட்டினாள். மஞ்சளை எட்டிப் பிடிக்க ஒரு முழம்தான் இருந்தது. அதற்குள் சுவர் வந்துவிட்டது.

மூன்றாவது.

மாநில அணிக்கு முதல் இரண்டு பேர்தான். அந்த அணிச் சான்றிதழ் இருந்தால் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீடு. அது இல்லாவிட்டால் நுழைவுத் தேர்வு ஒன்றே கதி. அதற்கு இன்னும் மூன்று வாரம். ஒதுக்கீடு கையில் வந்தால் மகளை நிம்மதியாக ஒரு வாரம் தூங்கவிடலாம் என்று அம்மா கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

"ஏம்மா, நீச்சல்ல நிறுத்தம் எங்கேருந்து வந்துச்சு? இது என்ன, டவுன் பஸ்ஸா?" என்றார் மாஸ்டர். கோபத்தைவிட அயர்ச்சிதான் அதில் அதிகம். ஏழு வருடமாக அவளுக்கு விசில் ஊதியவர்.

"எண்ணிக்கை விட்டுப்போச்சு மாஸ்டர்."

அவள் துண்டைப் போர்த்திக்கொண்டு காருக்கு நடந்தாள். பதினோரு மணிக்குப் பயிற்சி மையத்தில் மாதிரித் தேர்வு. அழக்கூட அட்டவணையில் இடமில்லை.

அம்மா வண்டியை எடுத்தாள். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். பந்தயம் பார்க்க இன்று லீவு கிடைக்கவென்றே ஆறு வாரமாக மற்றவர்களின் ஞாயிறு டூட்டியையெல்லாம் தன் தலையில் போட்டுக்கொண்டவள். பின் இருக்கையில் பெண் ஈரத் தலையோடு வேதியியல் குறிப்புகளை மடியில் விரித்து, அவித்த முட்டையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிடி எண்ணிக்கை விடும்? அதுக்குத்தானே தனிம வரிசை?"

அது அம்மாவின் கண்டுபிடிப்பு. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஒரு நீளத்துக்கு ஒரு தனிமம். முதல் நீளம் ஹைட்ரஜன், அடுத்தது ஹீலியம், பதினாறாவது சல்பர். நீந்தினாலும் படிப்பு, படித்தாலும் நீச்சல். நான்கு மாதமாக அப்படித்தான். சல்பர் என்று மனசு சொன்னதும் கை தானாகவே சுவரில் போய் நிற்கும். மாஸ்டரிடம் இருவருமே சொன்னதில்லை. தெரிந்தால் கத்துவார்.

"விடலம்மா. சரியாத்தான் வந்தேன். சிலிக்கான்ல இருந்தேன்."

"அப்புறம்?"

"போன டெஸ்ட்ல ஒண்ணு தப்பா போட்டேன்ல? மூணாவது வரிசை, வெளிக்கூட்டுல ஆறு எலக்ட்ரான். நான் ஆக்ஸிஜன்னு எழுதிட்டு வந்தேனே. அது மண்டைக்குள்ள குடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. சிலிக்கான் நீளத்துல பட்டுனு விடை வந்துருச்சு."

அம்மா கண்ணாடியில் அவளைப் பார்த்தாள்.

"சல்பரும்மா," என்றாள் பெண். "சல்பர்னு தோணுச்சு. நின்னுட்டேன்."

சிக்னல் பச்சையானது. பின்னால் ஒருவன் ஹாரனை அடித்தான். அம்மாவுக்கு கியர் உடனே விழவில்லை.

"மாஸ்டர்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா உன்னைத்தானே திட்டுவாரு." சிரிப்பு மாதிரி ஒன்று வந்து, கொட்டாவியாக முடிந்தது. "ஆனா விடை சரிதானேம்மா?"

"சரிதான் கண்ணு."

எக்ஸ்ரே அறையில் தினம் நூறு பேரிடம் அம்மா சொல்வது ஒன்றுதான்: மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க. படம் எடுத்ததும், விடுங்க. மகளிடம் முதல் பாதியைத்தான் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். விடுங்க என்று சொன்னதாக நினைவில்லை.

பயிற்சி மைய வாசலில் வண்டியை நிறுத்தியபோது மணி பத்து ஐம்பத்தேழு. திரும்பிப் பார்த்தாள். பெண் தூங்கிப்போயிருந்தாள். கண்ணைச் சுற்றி நீச்சல் கண்ணாடி பதித்த இரண்டு சிவப்பு வளையம். பாதி முட்டை கையிலேயே இருந்தது. முடியிலிருந்து சொட்டிய தண்ணீரில் குறிப்புத் தாளின் ஓரம் நீலமாக ஊறியிருந்தது.

வாட்ச்மேன் ஜன்னலைத் தட்டினார். "டெஸ்டுக்கா? மூணு நிமிஷந்தாம்மா. அப்புறம் கலெக்டரே வந்தாலும் திறக்க மாட்டேன்."

"தெரியும்ண்ணே."

எழுப்புவதற்காகக் கையைப் பின்னால் நீட்டினாள். விரல்கள் மகளின் முழங்காலுக்கு ஒரு சாண் மேலே நின்றன. தூக்கத்தில் அவளுடைய உதடுகள் எதையோ வரிசையாக முணுமுணுத்துக்கொண்டிருந்தன. வாட்ச்மேன் இரும்புக் கதவின் ஒரு பாதியைச் சாத்திவிட்டு, மறுபாதியைப் பிடித்துக்கொண்டு, காரைப் பார்த்தபடி நின்றார்.